எங்கள் வீட்டு ஸ்மித் ஐரிஷ்காரர்தானா?

டப்ளினில் மகளை ஐரிஷ் மொழிவழிப் பள்ளியில் சேர்த்தபோது, பெயரை ஐரிஷ் வடிவில் எழுதித் தரச் சொன்னார்கள். கணவரின் குடும்பப் பெயர் ஸ்மித். கேட்டாலே ஆங்கிலேயப் பெயர். ஆனால் அவர்களுக்குப் பூர்வீகம் அயர்லாந்தின் கேவன் கவுண்டி (மாவட்டம் மாதிரி). அங்கே பல ஸ்மித்துகளின் பழைய பெயர் மக் கௌவன், அதாவது கொல்லனின் மகன். ஆங்கிலத்தில் ஸ்மித் என்றாலும் கொல்லன்தான். மகள் என்றால் மக் போய் நிக் வரும், மனைவிக்கு விக். "நாமும் மக் கௌவன்தான்னு அப்பா சொல்வார்" என்றார் கணவர். அதையே எழுதிக் கொடுத்துவிட்டோம்.

எனக்குத்தான் மனம் ஆறவில்லை. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடக்கே அல்ஸ்டர் மாகாணத்தில் ஐரிஷ்காரர்களின் நிலங்களைப் பறித்து இங்கிலாந்து, ஸ்காட்லாந்து ஆட்களைக் குடியேற்றினார்களே, அதில் கேவனும் அடக்கம். அசல் ஆங்கிலேய ஸ்மித்துகளும் அப்படி வந்திருக்கலாம் இல்லையா? இதற்கெல்லாம் முன்பே, 1465-இல் ஒரு சட்டம். டப்ளினைச் சுற்றி ஆங்கில ஆட்சிக்குள் வாழ்ந்த ஐரிஷ்காரர்கள் ஊர், நிறம், தொழில், பதவி என ஏதாவது ஒன்றை வைத்து ஆங்கிலப் பெயர் சூட்டிக்கொள்ள வேண்டும். தொழிற்பெயருக்கு உதாரணமாக ஸ்மித்தையும் கார்பென்டரையும் சட்டமே எடுத்துக் கொடுத்தது! கேவனில் பெயர் மாறியது பிற்பாடு, ஆங்கிலம் பரவியபோது.

தேடலை 1901, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆரம்பித்தேன். தேசிய ஆவணக் காப்பகம் இரண்டையும் இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. அதற்கு முந்தைய கணக்குகளைத் தேடிப் பெரும்பாலும் பயனில்லை. 1881, 1891 படிவங்களை முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாக்கிவிட்டார்கள். 1821 முதல் 1851 வரையிலானவற்றில் பெரும்பகுதி 1922-இல் டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் இருந்த ஆவணக் காப்பகம் எரிந்த தீயில் போயிற்று. 1901 படிவத்தில் கணவரின் கொள்ளுத்தாத்தா கிடைத்தார். மதம் கத்தோலிக்கம். அது நல்ல அறிகுறிதான், ஆனால் சாட்சியம் ஆகாது. உண்மையில் உதவியது டவுன்லாண்டின் பெயர். கிராமத்தைவிடச் சின்னப் பிரிவு அது. நாடு முழுக்க அறுபதாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. ஸ்மித்துகள் மலிந்த ஊரில் நம் ஸ்மித்தைப் பிரித்துக் காட்ட அதை விட்டால் வழியில்லை.

அப்புறம் கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகள், அதாவது ஊர்க் கோயில்களின் ஞானஸ்நான, திருமணப் பதிவுகள். தேசிய நூலகம் 2015-இல் மைக்ரோஃபிலிம் படங்களை இணையத்தில் ஏற்றியது. ஏறக்குறைய 1880 வரை பார்க்கலாம். மை பரவிய பக்கங்கள், கோழிக் கிறுக்கல், எங்கள் பங்கில் பெயர்கள் எல்லாம் லத்தீனில். ஜேம்ஸ் அங்கே யாகோபுஸ். நல்லவேளை, ஞானஸ்நானப் பதிவில் தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு போனதில் ஒரு தம்பதியின் மூத்த பிள்ளை ஸ்மித் என்றும் அடுத்தவள் கௌவன் என்றும் பதிவாகியிருந்தது கண்ணில் பட்டது. அதே அப்பா, அதே அம்மா, அதே டவுன்லாண்ட். அந்த அடுத்தவளின் தம்பிதான் 1901-இல் கிடைத்த கொள்ளுத்தாத்தா. அவர் மறுபடி ஸ்மித். பாதிரியார் மாறினால் பெயரும் மாறியிருக்கிறது. கணவரை எழுப்பிக் காட்டினேன்.

இதற்கு நடுவே சுற்றுலாக் கடையில் ஸ்மித் "குடும்பச் சின்னம்" போட்ட சாவிக்கொத்து வாங்கி வந்தார் நாத்தனார். சின்னம் தனி மனிதருக்கும் அவர் வாரிசுகளுக்கும்தான் உரியது, ஒரு பெயர் கொண்ட எல்லாருக்கும் அல்ல. சொல்ல மனம் வரவில்லை.

1823-37 காலத்துத் தசமபாக வரி (திருச்சபைக்காக நிலத்தின் மேல் வசூலித்தது) புத்தகத்தில் அதே டவுன்லாண்டில் ஒரு கௌவன் இருக்கிறார். அவர் எங்களுக்கு என்ன உறவு என்று காட்ட ஏடு இல்லை, பங்குப் பதிவேடு அவ்வளவு பின்னால் போகவில்லை. இப்போது மாமியார் தன் பக்கத்தையும் பார்க்கச் சொல்கிறார். அவர் பிறந்த வீடு ரெய்லி. கேவனில் தடுக்கி விழுந்தால் ஒரு ரெய்லி மேல்தான் விழ வேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.