ப்ராஜெக்ட் வைவா: 150-ஆ, 20,000-ஆ?

ரிசல்ட் வந்துவிட்டது. ப்ராஜெக்ட்டில் நினைத்ததைவிட நல்ல மார்க். வைவாவில் என்ன கேட்டார்கள் என்று ஜூனியர்கள் கேட்டதால் எழுதுகிறேன். ரிவ்யூ, ரெக்கார்ட் எல்லாம் உங்களுக்கே தெரியும், விடுங்கள்.

எங்களுடையது ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைக் கழிவுநீரின் பிஎச் அளவைப் பதியும் லாகர். டேட்டா போவது வின்பாண்ட் டபிள்யூ25க்யூ64 ஃபிளாஷ் சிப்புக்கு (கரன்ட் போனாலும் எழுதியதை வைத்திருக்கும் மெமரி). வைவாவுக்கு வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் (எக்ஸ்டர்னல்) எங்கள் சென்சாரின் பக்கம் திரும்பவே இல்லை. ஓடிக்கொண்டிருந்த போர்டின் அடாப்டரைப் பிடுங்கிவிட்டு, "இப்போ எழுதிட்டிருந்த டேட்டா என்னாச்சு?" என்றார். சித்திரை வெயிலில் வேலூர்ப் பக்கம் கரன்ட் படுத்தும் பாட்டுக்கு இது நியாயமான கேள்விதான். எங்கள் கைடு மட்டும் கடைசிவரை கேட்கவே இல்லை.

கரன்ட் போனபின் போர்டைக் கொஞ்ச நேரம் ஓட்டுவது கெபாசிட்டரில் சேர்ந்திருக்கும் சார்ஜ். ஆனால் "கெபாசிட்டர் இருக்கு சார்" என்று நிறுத்தினால் மாட்டினீர்கள். ஏன் அந்த மதிப்பு என்பார். ஃபிளாஷில் எழுதும்போது பிட் 1-லிருந்து 0-வுக்கு மட்டுமே மாறும். திரும்ப 1 ஆக்க முழு செக்டரையும் (ஒரே தடவையில் அழியும் பகுதி) அழிக்க வேண்டும். ஒரு பேஜ் (ஒரே தடவையில் எழுதும் சிறு பகுதி) எழுத, சிப்பின் டேட்டாஷீட்டில் அதிகபட்சம் 3 மில்லிசெகண்ட். 4 கேபி செக்டரை அழிக்கவோ 400 வரை போகலாம். போர்டு 50 மில்லியாம்ப் இழுக்கிறது, கெபாசிட்டரில் 1 வோல்ட் இறங்க இடமிருக்கிறது என்று வையுங்கள். கரன்ட்டை நேரத்தால் பெருக்கி, இறங்கும் வோல்ட்டால் வகுத்தால் கெபாசிட்டரின் மதிப்பு. எழுத 150 மைக்ரோஃபாரட் போதும். அழிக்க 20,000 வேண்டும்!

ஆகவே கரன்ட் போனபின் அழிக்கவே கூடாது. அடுத்த செக்டரைச் சும்மா இருக்கும் நேரத்திலேயே அழித்து வைத்துவிடுங்கள். போகிற நேரத்தில் ஒரே ஒரு பேஜ், அவ்வளவுதான். நாங்கள் 470 போட்டோம். எலக்ட்ரோலிட்டிக் வகைக் கெபாசிட்டரின் மதிப்பு நாளாக நாளாகக் குறையும், அதனால்தான் கூடுதல். என்னைக் கேட்டால் பாதி மார்க் இந்தக் கணக்குக்குத்தான்.

மற்றவை:
- கெபாசிட்டருக்கு முன் ஒரு ஷாட்கி டயோடு (ஒரு பக்கம் மட்டும் கரன்ட்டை விடும், சார்ஜ் அடாப்டர் பக்கம் திரும்பாது). கரன்ட் போனதைக் கண்டுபிடிக்கும் இன்புட் பின்னை டயோடுக்கு முந்தைய பக்கம், அடாப்டரை ஒட்டி வையுங்கள். கெபாசிட்டர் பக்கம் வைத்தால், அதில் சார்ஜ் இருப்பதால் செய்தி லேட்டாக வரும்.
- எழுதும் ஒவ்வொரு டேட்டா பதிவுக்கும் வரிசை எண், சிஆர்சி (டேட்டா கெடாமல் இருக்கிறதா என்று சரிபார்க்கும் எண்). பூட் ஆகும்போது சிஆர்சி சரியாக உள்ளவற்றில் பெரிய எண்ணை எடு.
- ஃபைல் சிஸ்டம் வேண்டுமென்றால், நடுவில் கரன்ட் போனாலும் தாங்கும் லிட்டில்எஃப்எஸ். ஃபேட் வேண்டாம், டேபிளும் டைரக்டரியும் தனித்தனியாக எழுதப்படும், நடுவில் கட் ஆனால் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது.
- ரிலே வைத்து, நேரம் மாற்றி மாற்றி இரவு முழுக்க கட் செய்து பாருங்கள். கையால் பிடுங்கிப் பார்ப்பது டெஸ்ட் ஆகாது.

எஸ்டி கார்டு வைத்த டீம்களுக்கு இந்த வித்தை பலிக்காது. உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் எப்போது அழிக்கும், எப்போது இடம் மாற்றும் என்பது நம் கையில் இல்லை. அவர்கள் பெரிய கெபாசிட்டர் அல்லது பேட்டரி பக்கம் போகட்டும்.

அப்புறம், டேட்டாஷீட்டின் டைமிங் பக்கத்தை பிரின்ட் எடுத்து ரெக்கார்டில் வையுங்கள். அழிக்கும் நேரத்துக்கு 'டிபிகல்' (வழக்கமான அளவு) கட்டத்தில் 45 மில்லிசெகண்ட் என்றுதான் இருக்கும். எக்ஸ்டர்னல் விரல் வைத்தது 'மேக்ஸ்' (அதிகபட்சம்) கட்டத்தில்.