என் தலையெழுத்தும் இரண்டு டீமேட் கணக்குகளும்

பாளையங்கோட்டையில் ஒரு பழைய தரகு நிறுவனத்துக்குப் பதினேழு ஆண்டுகளாக அரை சதவீதம் கமிஷன் கொடுத்துவந்தேன். ஒரு லட்சத்துக்குப் பங்கு வாங்கினால் 500 ரூபாய், விற்றால் இன்னொரு 500. 2008 ஜனவரியில் ரிலையன்ஸ் பவர் பங்குக்காக ஊரே விண்ணப்பம் போட்டபோது திறந்த டீமேட் கணக்கு அது, அதாவது பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் கணக்கு. 2010இல் பெங்களூரில் ஸெரோதா என்ற ஆன்லைன் தரகு நிறுவனம் தொடங்கி, ஆர்டருக்கு 20 ரூபாய் என்ற பேச்சு பரவி, தம்பி மகன்வரை எல்லோரும் மாறிவிட்டார்கள். நான் மட்டும் சோம்பலில் கிடந்தேன்.

மாறுவது என்று முடிவெடுத்ததும் கட்டம் போட்ட நோட்டில் மூன்று நிறுவனங்களை எழுதி ஒப்பிட்டேன். ஒன்றில் டெலிவரிக்கு, அதாவது பங்கை வாங்கி வைத்துக்கொள்வதற்கு, கமிஷன் கிடையாது, ஆனால் ஆண்டுக் கட்டணம் உண்டு. மற்ற இரண்டில் ஆண்டுக் கட்டணம் குறைவு, ஆர்டருக்கு ஆர்டர் காசு. பங்குப் பரிவர்த்தனை வரி, முத்திரைத் தீர்வை எல்லாம் எங்கே போனாலும் ஒன்றுதான். நான் ஆண்டுக்குப் பத்து முறை வாங்கினால் அதிகம். நான்கு நாள் கணக்குப் போட்டுக் கிடைத்த வித்தியாசம் 150 ரூபாய்க்குள் அடங்கிவிட்டது. "இதற்கா சாப்பாட்டைக்கூட மறந்து உட்கார்ந்திருந்தீர்கள்?" என்று கேட்டாள் மனைவி.

நோட்டில் நான் எழுதாமல் விட்டது டிபி கட்டணம், அதாவது டீமேட்டிலிருந்து பங்கு வெளியே போகும்போது பிடிக்கும் கட்டணம். விற்கும்போது ஒரு நிறுவனப் பங்குக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று பிடிப்பார்கள். பதினைந்து ரூபாயோ இருபதோ, ஒரு பங்கு விற்றாலும் அதே தொகைதான், நூறு விற்றாலும் அதே தொகைதான். கணக்குத் திறந்த புதிதில் பத்துப் பங்கை இன்று ஐந்து, நாளை ஐந்து என்று விற்று இரண்டு முறை அழுதேன். விற்பதென்றால் ஒரே நாளில் விற்றுவிடுங்கள்.

கணக்குத் திறப்பது பத்து நிமிட வேலை என்றார்கள். வீடியோ, கையெழுத்து, ஆதார் எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்தன. இடறியது என் பெயர். பான் அட்டையில் இனிஷியலை விரித்து எழுதியாக வேண்டும் என்பதால் அப்பாவின் முழுப் பெயரும் என் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வங்கிக் கணக்கிலோ வெறும் 'சு.' மட்டும். ஒரு ரூபாயை அனுப்பி வங்கிப் பெயரைச் சரிபார்ப்பார்கள். ரூபாய் வந்து சேர்ந்தது, பெயர் பொருந்தவில்லை என்று விண்ணப்பம் திரும்பிவந்தது. இரண்டு முறை அப்படி. கடைசியில் வங்கிக் கிளையில் பான் நகலோடு கடிதம் கொடுத்துப் பெயரை மாற்றிய பிறகுதான் கதவு திறந்தது. பெயருக்கு முன் தலைப்பெழுத்து வைத்திருக்கும் நம் ஊர்க்காரர்கள் விண்ணப்பிக்கும் முன் பான், ஆதார், பாஸ்புக் மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அடுத்தது பழைய கணக்கை மூடுவது. பங்குகள் அனைத்தையும் சொந்தப் பெயரில் உள்ள இன்னொரு கணக்குக்கு மாற்றி மூடினால் மாற்றுக் கட்டணம் இல்லை. அதற்குப் புதிய நிறுவனத்தின் சிஎம்ஆர் தாள், அதாவது புதிய கணக்கின் விவரங்கள் அடங்கிய தாள், வேண்டும். டிஜிட்டல் கையொப்பத்தோடு மின்னஞ்சலில் வந்ததை அச்செடுத்துக்கொண்டு பழைய நிறுவனத்துக்குப் போனேன்.

கவுன்டரில் இருந்தவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சீல் எங்கே சார்?"

"ஆன்லைன் நிறுவனம். டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறது, பாருங்கள்."

"சீல் இல்லாமல் நான் வாங்க முடியாது."

கிளையே இல்லாத நிறுவனத்திடம் சீலுக்கு எங்கே போவது? மூன்று மின்னஞ்சல் எழுதியபின் சீல் குத்திய பிரதி ஒன்று கூரியரில் வந்தது. இரண்டாம் முறை போனபோது, பழைய டீமேட்டிலும் வெறும் 'சு.' இருப்பதால் இது வேறு ஆளுக்குப் போகும் பங்கு என்றார் அதே மனிதர். பெயர்த் திருத்தத்துக்குப் பன்னிரண்டு நாள். மூன்றாம் முறை, பங்குகளை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுக்கும் டிஐஎஸ் சீட்டில் நான் எழுதிய பூஜ்யம் ஆங்கில 'ஓ' போல இருக்கிறது என்று திருப்பித் தள்ளினார். பதினோரு நிறுவனங்கள், ஒவ்வொன்றுக்கும் எழுத்தும் எண்ணுமாகப் பன்னிரண்டு இடம் கொண்ட ஐஎஸ்ஐஎன் என்ற அடையாளக் குறியீடு. ஆனால் அன்று அவரே பேனாவை எடுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்தார். அதுவரை மனதுக்குள் அவரைத் திட்டியதில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

இந்த அலைச்சலுக்கு நடுவில் புதிய நிறுவனம் ஆண்டுக் கட்டணத்தில் ஒரு காலாண்டுக்கு உரியதையும் பிடித்துவிட்டது. 2024 செப்டம்பர் முதல், அடிப்படைச் சேவை டீமேட் கணக்கில் நான்கு லட்சம் வரை பங்கு இருந்தால் ஆண்டுக் கட்டணம் இல்லை என்பது பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் விதி. என் பங்குகளின் மதிப்பு அதற்குள்தான். ஆனால் அந்தச் சலுகைக்கு ஒருவர் பெயரில் ஒரே ஒரு டீமேட்தான் இருக்கவேண்டும். எனக்கு இரண்டு. பழையது மூடும்வரை சலுகை இல்லை. பழைய கணக்கு எங்காவது தூங்குகிறதா என்று உங்களுக்கு வரும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையில் பாருங்கள். பான் எண்ணின் கீழ் உள்ள எல்லா டீமேட்டும் அதில் இருக்கும்.

பங்குகள் வந்து சேர்ந்துவிட்டன. ஆனால் வாங்கிய விலை அவற்றோடு வருவதில்லை. செயலியில் பதினோரு நிறுவனங்களுக்கும் விலைக் கட்டம் காலியாக நிற்கிறது. தேதியையும் விலையையும் நாமே பதியவேண்டும், இல்லாவிட்டால் விற்கும்போது வரிக் கணக்கு குழம்பும். பரணில் இருந்த தகரப் பெட்டியை இறக்கிப் பங்கு வாங்கியதற்குத் தரகர் கொடுத்த சீட்டுகளான பழைய கான்ட்ராக்ட் நோட்டுகளைத் தேடினேன். ஒன்பது கிடைத்தன. மீதி இரண்டைக் கரையான் தின்றுவிட்டது. நாளை மறுபடி அதே கவுன்டருக்குப் போகிறேன்.