மூன்று பங்குனிகளும் ஒரு பெரிய மணல் உப்புக்கொத்தியும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை, அடையாறு முகத்துவாரத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட திபெத் மணல் உப்புக்கொத்திகள் என்னும் கரைப்பறவைகளுக்கு நடுவே, தோற்றத்தில் அவற்றை ஒத்த வேறோர் இனமான ஒரேயொரு பெரிய மணல் உப்புக்கொத்தியை ஐயத்துக்கு இடமின்றி அடையாளம் கண்டேன். இதற்கு எனக்கு மூன்று பங்குனிகள் தேவைப்பட்டன.

கால் நிறத்தைப் பார்க்கச் சொல்வார்கள். பெரியதற்கு வெளிறிய பச்சை மஞ்சள், திபெத்துக்குக் கருஞ்சாம்பல். முகத்துவாரச் சேற்றிலோ எல்லாப் பறவைகளின் கால்களும் சேற்று நிறந்தான். எஞ்சியது அலகு. அலகின் அடியிலிருந்து கண்ணின் பின்விளிம்பு வரையுள்ள தொலைவைவிட அலகு நீண்டிருந்தால் அது பெரியது என்பது கணக்கு. ஆனால் சைபீரிய உறவினத்தைவிடத் திபெத் இனத்துக்கே அலகு சற்று நீளம் என்பதால் பெரியதோடு உள்ள வேறுபாடு குறைந்துவிடுகிறது. போதாக்குறைக்குப் பறவை தலையை இம்மியளவு திருப்பினாலும் படத்தில் அலகு குறுகிவிடுகிறது. சென்ற ஆண்டு எடுத்த 214 படங்களில் சரியான பக்கவாட்டுத் தோற்றம் கிடைத்தவை ஒன்பதே. அவற்றைக் கணினித் திரையில் அளந்து அளந்து, ஒவ்வொரு முறையும் வெவ்வேறு விடை கண்டதுதான் மிச்சம்.

இம்முறை அளவுகோலை ஒதுக்கி வைத்துவிட்டு, இனப்பெருக்கக் கால இறகுக்காகக் காத்திருந்தேன். திபெத் உப்புக்கொத்தியின் செம்பழுப்பு மார்பில் அகலமாகப் பரவி விலாவரை வழிகிறது. பெரியதற்கு அதே நிறம் ஒடுங்கிய பட்டையாக நின்றுவிடுகிறது. கூட்டம் எழுந்து பறந்தபோது, பெரியதன் இன்னோர் அடையாளமாக, இந்தப் பறவையின் கால்விரல்கள் வாலைத் தாண்டி நீண்டிருந்ததையும் கண்டபின்புதான் குறிப்பேட்டில் எழுதினேன்.

நிற்கும் இடமும் முக்கியம். 1977 வெள்ளத்தில் இடிந்து ‘உடைந்த பாலம்’ என்றே அழைக்கப்படும் பாலத்துக்கு அருகே, கடலுக்கு முதுகைக் காட்டி மேற்கே பார்த்தால் வெயில் பறவைகளின் மேல் விழும். எட்டு மணிக்குமேல் கானல் எழுந்துவிடும். அதன் பிறகு எத்தனை விலையுள்ள ஸ்கோப்பும் (தொலைநோக்கியும்) பயன்படாது. ஸ்கோப்பைத் தாங்கும் என்னுடைய முக்காலியின் தலைப்பகுதி வேறு, வாங்கிய ஆறே மாதத்தில் இறுகிப்போனது. விற்ற கடைக்காரர் கடற்காற்றைக் குற்றம் சொல்கிறார். கடற்கரைப் பறவை பார்ப்பதற்கென்று கேட்டுத்தானே வாங்கினேன்!

வளைமூக்கு உள்ளான்களும் செங்கல் நிறம் ஏறிச் சைபீரியத் தூந்திரத்துக்குப் புறப்படத் தயாராகிவிட்டன. நிறம் மாறாமல் சாம்பலாகவே மேய்பவை பெரும்பாலும் சென்ற ஆண்டுக் குஞ்சுகள். அவற்றில் பல இந்தக் கோடையை இங்கேயே கழிக்கக்கூடும் என்பதால், வைகாசியிலும் வந்து அவற்றை எண்ண எண்ணியிருக்கிறேன். அதற்குமுன் அடுத்த ஞாயிறு முட்டுக்காட்டுக் கழிமுகத்துக்குச் செல்ல வேண்டும். பெரிய மணல் உப்புக்கொத்திகள் சற்று முன்னதாகவே கிளம்பிவிடுகின்றன. அதற்குள் முக்காலி பழுது நீங்கி வந்தாக வேண்டும்.