சின்னம்மாவும் 25 சதமும்

யாழ்ப்பாணத்திலிருந்து சின்னம்மா ஜேர்மனிக்கு வந்து இறங்கியது ஒரு சனிக்கிழமை இரவு. மறுநாள் காலை தேநீருக்குப் பால் இல்லை. கடைக்குப் போகலாமே என்றார். ஞாயிறு இங்கே கடைகள் பூட்டு. பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகளும், சில மணி நேரம் பாண் கடைகளும்தான் பெரும்பாலும் கதி. சுற்றுலா வருபவர்கள் சனிக்கிழமையே சாமான் வாங்கிவிடுவது நல்லது.

திங்கட்கிழமை பற்றுச்சீட்டைப் பார்த்துச் சின்னம்மா கொதித்துவிட்டார். தண்ணீருக்கு ஒரு விலை, அதன் கீழே இன்னொரு 25 சதம். 'ஃபான்ட்' என்ற வைப்புக்காசு அது. வெறும் போத்தலைக் கடையிலுள்ள இயந்திரத்தில் போட்டால் துண்டு வரும். அதைக் காசாளரிடம் கொடுத்தால் காசு திரும்பும். பியர் போத்தலுக்கு வழமையாக 8 சதம். அடுத்த தடவை சின்னம்மா இடம் மிச்சம் பிடிக்கப் போத்தல்களை நசுக்கிக் கொண்டுவந்திருந்தார். இயந்திரம் ஒவ்வொன்றாகத் திருப்பித் துப்பியது.

காசாளரின் வேகத்துக்கு எனக்கே இன்னும் பழக்கமில்லை. சாமானைப் பையில் போட்டுத்தர ஆள் இல்லை. பையும் நாமே கொண்டுபோக வேண்டும்.

பெரிய இலாபம் வரியில் இருக்கிறது. விலையில் பெரும்பாலும் 19 வீத வரி அடக்கம், உணவுக்கு 7. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர் ஒரு கடையில் 50 யூரோவுக்கு மேல் வாங்கினால் அந்த வரியைத் திரும்பக் கேட்கலாம். எல்லாக் கடையும் செய்வதில்லை. கடவுச்சீட்டைக் காட்டி, வாங்கும்போதே படிவம் கேட்க வேண்டும். வரியைத் திருப்பித் தர இடையில் நிற்கும் நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொள்ளும் என்பதால் முழுத் தொகையும் கைக்கு வராது. இங்கே குடியிருக்கும் எனக்கு அதுவும் இல்லை.

விமான நிலையத்தில் பெட்டியைக் கையளிக்கும் முன்பே அந்தப் படிவத்தில் சுங்கத்தின் முத்திரை வாங்க வேண்டும். அதிகாரி பொருளைக் காட்டச் சொன்னார். சின்னம்மாவின் பிரஷர் குக்கரோ சேலைகளுக்கும் சொக்லேட்டுக்கும் அடியில். நிலத்தில் அமர்ந்து பெட்டி முழுவதையும் கொட்டினோம்.

முத்திரை விழுந்த பிறகு சின்னம்மா மிச்சத் தண்ணீரைக் குடித்து முடித்தார். வெறும் போத்தலை நசுக்காமல் என் கையில் வைத்து, "மறக்காமல் கொடுத்துவிடு, 25 சதம்" என்றார்.