மாட்டுத்தாவணி டு சென்னை, சீட் நம்பர் 7: புரோகிராம் ரவுண்டுக்குத் தயாராவது

மதுரை இலந்தைகுளம், வடபழஞ்சியில் உள்ள எல்காட் ஐ.டி. வளாகங்களில் மென்பொருள் வேலை தேடினாலும் சரி, சென்னை சிறுசேரிக்குப் போனாலும் சரி, தேர்வு ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் நடக்கிறது. முதலில் ஆப்டிட்யூட் (கணக்கு, தர்க்கக் கேள்விகள்), பிறகு கோடிங் (சின்னச் சின்ன புரோகிராம் எழுதுவது). சில நிறுவனங்களில் அதற்குமேல் மூன்று மணி நேரம் ஒரு முழு அப்ளிகேஷனை எழுதச் சொல்லும் ரவுண்டு. அதன்பின் டெக்னிகல் நேர்காணல், கடைசியில் எச்.ஆர். நம் பக்கத்துப் பிள்ளைகள் ஆப்டிட்யூடுக்கு மாதக்கணக்கில் உழைக்கிறார்கள். அப்ளிகேஷன் ரவுண்டுக்கு அநேகமாக யாருமே பழகுவதில்லை. ஆட்களை அதிகம் கழிப்பதோ அந்த ரவுண்டுதான்.

அதற்கு முன்னால், கோடிங் டெஸ்ட்டைப் பற்றிக் கொஞ்சம். கேள்வியைப் படித்ததும் உள்ளீட்டின் அளவை, அதாவது எத்தனை எண்கள் (n) வரும் என்பதைப் பாருங்கள். n ஒரு லட்சம் வரை போகலாம் என்று போட்டிருந்தால், லூப்புக்குள் லூப் எழுதினால் 1000 கோடி சுற்று ஆகும். சி++, ஜாவாவில் ஒரு நொடிக்குச் சுமார் 10 கோடி எளிய கணக்குகள் என்று வைத்துக்கொண்டால், ஒன்றிரண்டு நொடி வரம்புக்குள் அது முடியவே முடியாது. வரிசைப்படுத்திவிட்டுச் செய்தால் 17 லட்சம் சுற்றளவில் வேலை முடிந்துவிடும். அடுத்தது இன்ட், முழு எண்ணை வைக்கும் வகை. அதன் உச்சம் 2147483647, அதாவது 214 கோடியே சொச்சம். ஒரு லட்சம் எண்கள், ஒவ்வொன்றும் ஒரு லட்சம் என்றால் கூட்டுத்தொகை அதைத் தாண்டிவிடும். கேள்வியோடு கொடுத்த மாதிரி டெஸ்ட் கேஸ் (சோதனை உள்ளீடு) எல்லாம் பச்சை காட்டும், மறைத்துவைத்த கேஸில் சிவப்பு வரும். ஜாவாக்காரர்களுக்கு இன்னொன்று: ஸ்கேனரில் நெக்ஸ்ட்இன்ட் போட்டு எண்ணைப் படித்த கையோடு நெக்ஸ்ட்லைன் போட்டால் வெற்று வரிதான் கிடைக்கும். இடையில் ஒரு நெக்ஸ்ட்லைனை வீணாக விட வேண்டும்.

இனி அப்ளிகேஷன் ரவுண்டு. டாக்ஸி புக்கிங், லிஃப்ட், ரயில் டிக்கெட் போன்றவற்றைக் கேட்பார்கள். திரை அழகெல்லாம் வேண்டாம், எழுத்து மட்டும் தெரியும் கன்சோலில் ஓடினால் போதும். பேருந்து டிக்கெட்டையே எடுத்துக்கொள்வோம். நிறுத்தங்களுக்கு எண் போடுவோம்: மதுரை 0, மேலூர் 1, திருச்சி 2, விழுப்புரம் 3, சென்னை 4. ஏழாம் சீட்டை மதுரையிலிருந்து திருச்சிவரை ஒருவர் எடுத்திருக்கிறார். அதே சீட்டைத் திருச்சியிலிருந்து சென்னைக்கு வேறொருவருக்குக் கொடுக்க முடியுமா? தாராளமாக முடியும். ஆனால் நிறையப் பேர் சீட்டுக்கு 'காலி, நிரம்பியது' என்று ஒரே ஒரு பூலியனை (ஆம், இல்லை மட்டும் சொல்லும் மதிப்பு) வைத்துவிட்டு இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

சீட் நிறுத்தங்களில் நிரம்புவதில்லை, இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே உள்ள தூரத்தில்தான் நிரம்புகிறது. ஐந்து நிறுத்தம் என்றால் நான்கு துண்டு. 0-லிருந்து 2 வரை பயணம் என்றால் துண்டு 0, 1. 2-லிருந்து 4 வரை என்றால் துண்டு 2, 3. இதை பிட்டாக வைத்தால், அதாவது துண்டு 0, 1, 2, 3-க்கு முறையே 1, 2, 4, 8 என்று போட்டுக் கூட்டினால், முதல் பயணம் 3, இரண்டாவது 12. இரண்டிலும் பொதுவான பிட்டை மட்டும் எடுப்பது பிட்வைஸ் அண்ட். 3-ஐயும் 12-ஐயும் அப்படிப் போட்டால் 0, மோதல் இல்லை. மேலூர் டு விழுப்புரம் கேட்டால் அது 6. 3-உடன் அண்ட் போட்டால் 2 வரும், இடமில்லை. பிட் வராது என்றால் ஒப்பிட்டும் பார்க்கலாம்: ஒன்றின் ஏறுமிடம் மற்றதன் இறங்குமிடத்துக்கு முன்னால் இருந்து, மற்றதன் ஏறுமிடமும் இதன் இறங்குமிடத்துக்கு முன்னால் இருந்தால் மோதல். இங்கே 'சிறியது' என்பதற்குப் பதில் 'சிறியது அல்லது சமம்' போட்டால், திருச்சியில் ஒருவர் இறங்கி இன்னொருவர் ஏறுவதையே மோதல் என்று சொல்லிவிடும். இந்த ஒரு குறி தப்பாகிப் பாதி மதிப்பெண் போவதுண்டு.

வெயிட்டிங் லிஸ்டும் இப்படித்தான். ஒரு டிக்கெட் ரத்தானதும் வரிசையில் முதலில் நிற்பவருக்கே கொடுத்துவிடத் தோன்றும். அவர் கேட்டது மதுரை டு சென்னை, காலியானது மேலூர் டு திருச்சி என்றால் அவருக்கு ஆகாது. வரிசையை முன்னிருந்து பார்த்துக்கொண்டே போய், பொருந்துகிறவருக்குக் கொடுக்க வேண்டும்.

எழுதும் வரிசையும் முக்கியம். முதல் இருபது நிமிடம் கம்ப்யூட்டரைத் தொடாமல் தாளில் சீட், டிக்கெட், பேருந்து ஆகிய கிளாஸ்களைப் போடுங்கள். அடுத்து புக்கிங் மட்டும் ஓடட்டும். மேற்பார்வையாளர் வந்தால் ஓடுவதைக் காட்டுங்கள். பிறகு ரத்து, அப்புறம் வெயிட்டிங் லிஸ்ட். பாதியில் 'முதியவர்களுக்குக் கட்டணச் சலுகை சேருங்கள்' என்பது போல ஒன்றைச் சொல்லுவார்கள். கட்டணக் கணக்குத் தனி ஃபங்ஷனில் இருந்தால் இரண்டு வரியில் முடியும். ஐந்து இடத்தில் எழுதியிருந்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

வீட்டிலிருந்து எழுதும் ஆன்லைன் டெஸ்ட்டுக்கு மாதாந்திர மின்தடை அறிவிப்பை முந்தைய நாளே பார்த்துவிட வேண்டும். பெரும்பாலும் காலை 9 மணிக்கே கரண்ட் போய்விடும். இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். மோடம் அந்த லைனில் உள்ள பிளக்கில் இருக்கிறதா பாருங்கள். இருந்தாலும் தெருமுனை கேபிள் பெட்டிக்குக் கரண்ட் இல்லாவிட்டால் நெட் வராது. அதனால் செல்போன் ஹாட்ஸ்பாட்டை முன்பே இணைத்துச் சோதித்து வையுங்கள். சித்திரை, ஆடியில் தெருவில் மைக்செட் கட்டினால், ஆள் குரல் கேட்கிறது என்று கண்காணிப்பு மென்பொருள் எச்சரிக்கை விடலாம். வேறு தெருவில் உறவினர் வீட்டில் உட்கார்ந்து எழுதுவது நல்லது. வாட்ஸ்அப் வெப், அப்டேட் அறிவிப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். மேலே ஒரு சின்ன விண்டோ வந்தால்கூட டேப் மாறியதாகக் கணக்கு வைக்கும் மென்பொருள்கள் உண்டு.

சென்னையில் காலை நேர்காணல் என்றால் வைகை எக்ஸ்பிரஸ் உதவாது, அது போய்ச் சேரவே மதியமாகிவிடும். முதல் நாள் இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறுங்கள். சிறுசேரி, நாவலூர் பக்கம் போகிறவர்கள் எழும்பூர்வரை போகாமல் தாம்பரத்திலேயே இறங்கிக்கொள்ளலாம். தட்கல் முந்தைய நாள் திறக்கும், ஏசிக்குக் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி.

டெக்னிகல் நேர்காணலில் ரெஸ்யூமேயில் உள்ள ஒவ்வொரு வரியும் கேள்வியாகும். பிராஜெக்டில் நண்பர் எழுதிய பகுதியையும் விளக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஆங்கிலம் தடுமாறினால் பரவாயில்லை, பேசாமல் உட்கார்ந்திருப்பதுதான் கெடுதல். யோசிப்பதை வாய்விட்டே சொல்லுங்கள்.

எச்.ஆரில் அரியர் விவரத்தை மறைக்கவே கூடாது. பின்னால் சான்றிதழ் சரிபார்ப்பில் எல்லாம் தெரிந்துவிடும், ஆஃபரும் போய்விடும். சர்வீஸ் அக்ரிமென்ட் என்றால் எத்தனை வருடம், இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைக் கையெழுத்துக்கு முன் எழுத்தில் வாங்கிப் படியுங்கள். ஒரிஜினல் சான்றிதழைக் காட்டலாம், கொடுத்துவிட்டு வரக் கூடாது. டெபாசிட், பயிற்சிக் கட்டணம் என்று யாராவது பணம் கேட்டால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு, நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் அந்த வேலை இருக்கிறதா என்று பாருங்கள்.