2பி எடுக்கப் போகிறவர்கள் கண்ணைப் பழக்கிக்கொள்ளுங்கள்

எனக்குச் சிங்கப்பூரின் மேற்குக் கோடியில் இருக்கும் துவாசில் விடிகாலை ஷிஃப்ட், முதல் ரயிலில் ஏறினாலும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது என்பதால்தான் 2பி என்ற மோட்டார்சைக்கிள் லைசன்ஸ் எடுக்க முடிவு செய்தேன். 200 சிசி வரை ஓட்டலாம், எனக்கு அது போதும். காருக்கு இருப்பதுபோல் மோட்டார்சைக்கிளுக்குத் தனியார் பயிற்றுநர் இங்கே கிடையாது, பள்ளியில்தான் சேர வேண்டும். நான் புக்கிட் பாத்தோக்கில் இருக்கும் பள்ளியில் சேர்ந்தேன். பிடிடி என்ற அடிப்படை விதிமுறைத் தேர்வு பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை, 50 கேள்விக்கு 45 சரியாக இருக்க வேண்டும், புத்தகத்தை ஒழுங்காகப் படித்தால் வந்துவிடும்.

சர்க்கியூட்டில், அதாவது பள்ளிக்குள் வண்டி ஓட்டிப் பழகும் திடலில்தான் கதையே ஆரம்பிக்கிறது. என்னோடு பயிற்சி எடுத்தவர்களில் பலர் மன்னார்குடி, பரமக்குடி பக்கம் வருஷக்கணக்கில் வண்டி ஓட்டியவர்கள், எனக்கோ சைக்கிள் மட்டும்தான் தெரியும். ஆனால் அதிகம் திணறியது அவர்கள்தான். நாலு விரலும் எப்போதும் முன் பிரேக் மேலேயே இருக்கும், திரும்பும்போது ஒரு கால் தானாகத் தரையைத் தேடும், பக்கத்தில் வண்டி வருகிறதா என்று திரும்பிப் பார்க்க வேண்டிய இடத்தில் கை ஹார்னுக்குப் போகும். அந்தப் பழக்கங்களோடு ஊரில் காலம் தள்ளிவிடலாம், இங்கே ஒவ்வொன்றுக்கும் புள்ளி போகும். அதைவிட முக்கியம், ரோட்டில் அவை உண்மையிலேயே ஆளை விழவைக்கும். எட்டு போடும்போது ஹேண்டில் முழுக்கத் திரும்பியிருக்கும் நேரத்தில் முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி அப்படியே உள்பக்கம் சாய்ந்துவிடும், எத்தனை பலசாலியாக இருந்தாலும் தாங்க முடியாது. பாதி கிளட்ச், லேசாகப் பின் பிரேக், கொஞ்சம் ஆக்சிலரேட்டர் முறுக்கல்; மெதுவான திருப்பம் எல்லாவற்றுக்கும் இந்த மூன்றுதான்.

பலகைதான் எல்லோரையும் பயமுறுத்துவது. குறுகலான அந்தப் பலகை மேல் நேராக ஓட்டிப் போக வேண்டும், சக்கரம் அதிலிருந்து இறங்கிவிட்டால் அன்றைய தேர்வு அங்கேயே முடிந்தது. ஒரு தம்பி ஒவ்வொரு முறையும் பாதியில் இறங்கிக்கொண்டே இருந்தார், எங்கள் பயிற்றுநர், வயதான தமிழர், பக்கத்தில் வந்து அந்தத் தம்பியின் ஹெல்மெட்டைத் தாடையில் பிடித்து மேலே தூக்கினார். "பலகையைப் பார்க்காம எப்படிண்ணே நேரா போறது?" என்று தம்பி கேட்க, "அந்த விளக்குக் கம்பத்தப் பாரு தம்பி, வண்டி தானா போகும்" என்றார். போனது. முன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் விலகுவது தெரிந்து கை திருத்துவதற்குள் நேரம் கடந்துவிடும், அதிகமாகத் திருத்துவோம், ஆட்டம் இன்னும் கூடும். தூரத்தைப் பார்த்து, முழங்காலால் டேங்கை இறுக்கிக்கொண்டு, கையைத் தளர்வாக விட்டால் வண்டி தன்னைத் தானே நிமிர்த்திக்கொள்ளும்.

லைசன்ஸ் கைக்கு வந்த பிறகும் இதே பார்வைதான் காப்பாற்றுகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். தீவு விரைவுச்சாலையில் புதிதாக ஓட்டுபவர்களைப் பார்த்தால் தெரியும், முன்னால் போகும் காரின் பின்விளக்கிலேயே கண் ஒட்டியிருக்கும், இரண்டு வண்டி தள்ளி பிரேக் பிடிப்பது தெரியாது. தடம் மாறும்போது கண்ணாடியை மட்டும் பார்த்துவிட்டுப் போவார்கள், தோளுக்கு மேல் ஒரு பார்வை போடாவிட்டால் பக்கத்தில் வரும் டாக்சி சுத்தமாகத் தெரியாது, தயவுசெய்து திரும்பிப் பாருங்கள். சிக்னல் போட்டதை அணைக்க மறப்பதும் நிறைய நடக்கிறது, பெரும்பாலான சிறிய வண்டிகளில் அது தானாக அணையாது, எதிரே வருபவர் நீங்கள் திரும்பப் போகிறீர்கள் என்று நம்பி வண்டியை எடுத்துவிடுவார். அப்புறம் லாரி. அதன் பக்கவாட்டுக் கண்ணாடியில் ஓட்டுநர் முகம் உங்களுக்குத் தெரியவில்லையா, அவருக்கும் நீங்கள் தெரியவில்லை. ஒன்று பின்தங்குங்கள், இல்லை முழுதாகக் கடந்துவிடுங்கள், பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு போகாதீர்கள்.

மழை இங்கே சொல்லிக்கொண்டு வருவதில்லை. பெய்யத் தொடங்கிய முதல் சில நிமிடங்கள்தான் மோசம், சாலையில் படிந்த எண்ணெய் தண்ணீரில் மிதக்கும், வெள்ளைக் கோடும் இரும்பு மூடியும் சோப்பு மாதிரி வழுக்கும். அவற்றின் மேல் சாயவோ பிரேக் பிடிக்கவோ கூடாது.

முதல் ஓராண்டு, புதிய ஓட்டுநர் என்று காட்டும் பி தகட்டோடுதான் ஓட்ட வேண்டும், அதற்குள் 13 குற்றப்புள்ளி சேர்ந்தால் லைசன்ஸ் ரத்து, திரும்ப முதலிலிருந்து எடுக்க வேண்டும். ஓராண்டு முடிந்தால் அடுத்த லைசன்ஸான 2ஏ-க்குப் போகலாம், அது 400 சிசி வரை. நண்பர்கள் கேட்கிறார்கள், நான் இப்போதைக்குப் போகவில்லை, துவாசுக்குப் போய்வர என் 150 சிசி தாராளம்.