வட்டிக்கே போகும் வருமானம்

இலங்கை அரசாங்கம் கடன் வாங்கினால் நமக்கென்ன என்று கேட்கிறவர்கள், கொழும்பு கொட்டாஞ்சேனையில் சாமான் வாங்கிய பில்லின் அடியைப் பாருங்கள். வற் என்கிற பெறுமதி சேர் வரி 18 வீதம். 2022 நடுப்பகுதி வரை அது 8 தான்.

அந்த வருடம் அரசுக்கு வந்த ஒவ்வொரு 100 ரூபாயிலும் 70 ரூபாய்க்கு மேல் வட்டிக்கே போனது. முதல் இல்லை, வெறும் வட்டி. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சம்பளம் எல்லாம் மிச்சக் காசிலும் புதுக் கடனிலும்தான் ஓடின. வருடக் கடைசியில் அரசு குறுகிய காலத்துக்குக் கடன் வாங்கக் கொடுக்கும் பத்திரமான 3 மாதத் திறைசேரி உண்டியலுக்கு 30 வீதத்துக்கு மேல் வட்டி கொடுத்தார்கள். கையில் காசு இருந்தவர்கள் வாங்கினார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

எனக்கு வயிறு எரிவது வேறு இடத்தில். 2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது தனியாரும் வங்கிகளும் வைத்திருந்த அந்த உண்டியல்களைத் தொடவில்லை. ஊழியர் சேமலாப நிதி போன்ற ஓய்வுகால நிதிகள் வைத்திருந்த பிணைமுறிகளில், அதாவது அரசின் நீண்டகாலக் கடன் பத்திரங்களில்தான் கை வைத்தார்கள். பதிலுக்குக் கொடுத்த புதுப் பிணைமுறிகளுக்கு வட்டி 2025 வரை 12 வீதம், அப்புறம் 9. இந்த மாற்றத்துக்கு நிதி சம்மதிக்காவிட்டால் அதன் பிணைமுறி வருமானத்துக்கு 30 வீத வரி என்று சட்டமும் வந்தது. கார்மென்டில் காலம் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்த அக்காமாரின் ஓய்வுகாலக் காசு அது. அவர்களில் ஒருவரிடமாவது யாராவது கேட்டார்களா?